மன்றத்தில் முடிச்சுப் போடக் கூடாது

'சும்மா' என்ற சொல்லுக்கு எதுவும் செய்யாமல் இருப்பது என்று பொருள் என நம் மக்கள் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். இது பிழை. ஒரு முழு ஊரையே வெட்டவெளியில் வெட்கப்பட நிறுத்திய அளவுக்குப் பெரிய பிழை என்பதால், இதைத் திருத்தாமல் கதைக்குள் நுழைவது பொறுப்பான காரியம் ஆகாது. சும்மா வந்தேன் என்று ஒருவர் சொன்னால் அவர் பெண் கேட்க வந்திருக்கிறார். சும்மா சொன்னேன் என்றால் மனதாரத்தான் சொன்னார், நீங்கள் முறைத்ததும் பின்வாங்குகிறார். சும்மா அடித்து நொறுக்கிவிட்டான் என்றால் அவன் மிகுந்த சிரத்தையோடு நொறுக்கியிருக்கிறான். சும்மா கொடு என்றால் விலையில்லாமல் கொடு. சும்மா இரு என்று தாய் பிள்ளையிடம் சொன்னால் ஆடாமல் இரு. அதையே துறவிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால், உலகத்திலேயே மிகக் கடினமான வேலையை இன்றே தொடங்கு என்று பொருள். ஒரே சொல் இத்தனை பாரத்தைச் சுமந்துகொண்டு நிற்கும்போது, அதிலிருந்து தனக்கு வசதியான பொருளை மட்டும் உருவிக்கொண்டு மற்றதைத் தெருவில் எறிந்த ஊர் ஒன்று உண்டு. அதன் பெயர் சுண்டங்குறிச்சி. அந்த ஊர் முப்பிடாதி என்ற பெண்ணுக்குச் செய்ததை எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்லிவிடுவதே நியாயம்.

முப்பிடாதி ஆரி வேலை செய்கிறவள். கல்யாணப் பெண்களின் ஜாக்கெட் முதுகிலும் கையிலும் பட்டு நூலும் ஜரிகையும் மணியும் வைத்துப் பூ எடுக்கும் வேலை அது. துணியைக் கட்டில் போன்ற மரச்சட்டத்தில் மத்தளத் தோலைப் போல இழுத்துக் கட்டி, வலது கை கொக்கிமுனை ஊசியால் மேலிருந்து குத்த, இடது கை துணிக்கு அடியில் யார் கண்ணுக்கும் படாமல் இருந்துகொண்டு, ஊசி கேட்கும்போதெல்லாம் நூலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்கள் வலது கையை வாய்பிளந்து பாராட்டுவார்கள். இடது கையைப் பாராட்டியவர் இதுவரை யாரும் இல்லை.

அவளைச் சாதுவான பெண் என்று யாராவது நினைத்தால் அதையும் இப்போதே திருத்திவிட வேண்டும். அளவு ஜாக்கெட் கொண்டுவராமல் அளவு சொல்ல வருகிறவர்களை அவள் படியேற விட்டதில்லை. மயில் வை என்று கேட்டு வந்தவளிடம், "மயில் உனக்கு என்ன ஒறவு?" என்று கேட்டு அழவைத்திருக்கிறாள். ஆனாலும் கல்யாண வீடுகள் அவளைத் தேடித்தான் வந்தன, அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு மயில்களைத்தான் வைத்தாள்.

அந்த மரச்சட்டத்தின் முன்னால் அவளுக்கு ஒன்று நேர்வதுண்டு. உட்கார்ந்து ஊசி ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், துணியில் ஊசி விழும் சத்தம் தேய்ந்து, தேய்ந்த இடத்தில் எதிர்வீட்டுக் குழாய் சொட்டுவதும், ஆடு அசைபோடுவதும், எங்கோ ஒருவர் தொண்டையைச் செருமுவதும் வெளியே நடக்காமல் தனக்கு உள்ளேயே நடப்பதுபோல் கேட்கத் தொடங்கி, பிறகு கேட்கிறவளும் காணாமல் போய், கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்துக்குப் பெயர் இருக்கிறது என்றோ, அங்கே போக வழிகாட்டும் புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன என்றோ அவளுக்குத் தெரியாது. அவளுடைய கணவன் சுடலைமணி, லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், ஒருநாள் வந்து சொன்னான்:

"ஏட்டி, நீ சட்டத்து முன்னால உக்காந்தா எத்தன கூப்பாடு போட்டாலும் காதுல விழாதுல்லா, அதுக்கு மேலத்தெருவுல ஒரு மன்றம் தொறந்திருக்காவ. அங்க அதத்தான் கிளாஸ் எடுக்காவளாம்."

"செவிட்டுக்கா கிளாஸ்?"

"போய்ப் பாரேன்."

அவள் போய்ப் பார்த்தாள். சுண்டங்குறிச்சி அமைதி மன்றம் என்று பெயர் எழுதிய நீளமான கூடம். அதன் செயலாளர் ஆவுடையப்பன் பத்திரப்பதிவு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே மலை, மழை, மாட்டுக்கொட்டில் எதைப் பார்த்தாலும் இது யார் பேரில் இருக்கிறது என்பதே அவர் மனதில் முதலில் எழும் கேள்வி. முப்பிடாதி கையில் வட்டமான சிறிய தையல் சட்டமும் ஊசியுமாக வாசலில் வந்து நின்றபோது அவர் மறித்தார்.

"இது என்னம்மா?"

"சின்னச் சட்டம் அண்ணாச்சி. ஒரு ஓரமா தச்சிக்கிட்டே உக்காந்திருப்பேன். ஒருத்தருக்கும் தொந்தரவு இருக்காது."

"தியானத்துல வேலை பாக்கக் கூடாது."

"எனக்குக் கை ஓடுனாத்தான் மனசு நிக்கும்."

"கை நின்னாத்தான் மனசு நிக்கும்னு குருநாதர் சொல்லியிருக்காரு."

"அவரு தைப்பாரா?"

செயலாளர் வாசலோரம் கையைக் காட்டினார். செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வரச் சொன்னார். அப்படியாகத்தான், ஒரு பெண்ணை ஆண்டாண்டு காலமாக அந்த அமைதிக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போன ஊசி, ஊர்ச் செருப்புகளின் நடுவே கிடக்க, அமைதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த ஆட்கள் உள்ளே போய் விசிறிக்கு அடியில் உட்கார்ந்தார்கள். இந்த ஏற்பாட்டில் ஏதோ தலைகீழாக இருக்கிறது என்று அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முப்பிடாதிக்குத் தோன்றியது, ஆனால் இடம் பிடித்திருந்தது. வெள்ளைச் சுவர், குளிர்ந்த தரை, யாரும் மயில் கேட்காத ஒரு நாழிகை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். வலது கைக்கு அடியில் இடது கை மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நவநீதகிருஷ்ணனின் வேட்டிக் கரையில் எறும்புகள் வந்தன. கறுப்புப் பட்டு நூலில், சங்கிலித் தையலில், ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கொசுவின் இறக்கையைத் தூக்கிக்கொண்டு போயின. சலவைக்காரர்தான் வேட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சொல்லி அவர் சண்டைக்குப் போனார். வெள்ளிக்கிழமை ஆவுடையப்பனின் சட்டைப் பையில் ஒரு குழாய் சொட்டியது. சொட்டு பாதி வழியில், விழாமல், வெள்ளி ஜரிகையில் நின்றது. சனிக்கிழமை பெண்கள் பக்கத்தில் ஒருத்தியின் முந்தானையில் ஆட்டின் பின்னங்கால், இன்னொருத்தியின் தோளில் அடிப்பிடித்த பால் சட்டி. அதன் பிறகு யாரும் சலவைக்காரரைக் குறை சொல்லவில்லை.

முதலில் ஆராய்ந்தவர்கள் பெண்கள்தான். துணியைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்து, இது மெஷின் இல்லை என்று தீர்த்துவிட்டு, வளையத்தின் நெருக்கத்தை நகத்தால் நிரடி, "முப்பிடாதி கைதான்" என்றார்கள். சமையலுக்கும் கோலத்துக்கும் தையலுக்கும் கை என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். ஒருத்தி கையை இன்னொருத்தி கையோடு குழப்பிக்கொள்ள முடியாது. ஆனால் மன்றத்தின் நிர்வாகக் குழுவில் ஆண்கள்தான் இருந்தார்கள், அவர்களுக்குக் கை என்பது தோளிலிருந்து தொங்குவது. "அவ கை மடியிலதான கெடந்துச்சு, நாங்க பாத்தோமே, பின்ன எப்படி இது அவ கைங்கீய?" என்று அவர்கள் கேட்டார்கள். தியானத்தில் கண்ணை மூடியிருந்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று திருப்பிக் கேட்க ஆள் இல்லை.

அடுத்த வாரங்களில் ஊர் இதைத் தன் வழக்கங்களுக்குள் எடுத்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், வேட்டியில் எறும்பு ஊர்வதற்காகவே அது காலங்காலமாகக் காத்திருந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து மன்றத்தில் இடம் பிடித்தார்கள். வந்தவர்கள் மடியில் மடித்த சேலையும் சட்டைத் துணியும் தலையணை உறையும் இருந்தன. ஒருவர் டிராக்டர் சீட் உறையைக் கொண்டுவந்தார். அமைதி தேடி வந்த ஏட்டையாவின் காக்கித் தோளில் ஒரு நத்தை வர, புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனவர்கள் நத்தையைப் பார்த்துக்கொண்டே நின்று புகாரை மறந்து திரும்பினார்கள். பள்ளிக்கூடத்தில் சீருடையில் பல்லி வந்த பிள்ளைகளை வெளியே நிறுத்தினார்கள், பிறகு பல்லி வராத பிள்ளைகளை மற்றவர்கள் கேலி செய்தார்கள். கல்யாணப் பேச்சில், பெண்ணுக்கு என்ன போடுவீர்கள் என்பதற்கு அடுத்த கேள்வியாக, மன்றத்தில் எத்தனை புடவை வைத்து எடுத்தீர்கள் என்பது வந்தது. முப்பிடாதியைக் கடைசி வரிசையிலிருந்து எழுப்பி, மையத்தில் ஒரு மெத்தை போட்டு, விசிறியைச் சரிசெய்து உட்காரவைத்தார்கள், சுற்றிலும் எல்லோருக்கும் சமமாகப் படவேண்டும் என்று. அடுப்பை நடுவில் வைத்துக் குளிர் காய்வதுபோல ஊர் அவளைச் சுற்றி உட்கார்ந்து கண்ணை மூடியது. முன்பு எதற்காகக் கண்ணை மூடினார்கள் என்பது மெல்ல எல்லோருக்கும் மறந்துபோனது.

தியானம் முடிந்ததும் அவள் வாசலுக்கு வந்து, செருப்புகளிடமிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு, வெளியே வருகிற ஒவ்வொருவரின் துணியையும் புரட்டி, நூல் நின்ற இடத்தைக் கண்டுபிடித்து ஒரு முடிச்சுப் போட்டு அனுப்புவாள். யாரும் கேட்டுச் செய்ததில்லை. முடிக்காத வேலையைத் தெருவில் நடக்கவிட அவளால் முடியாது, அவ்வளவுதான்.

சிக்கல் மயிலில் தொடங்கியது. செயலாளரின் மனைவி காந்திமதி தன் மகளின் முகூர்த்தச் சேலையோடு ஒரு காலை அவளை வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி முப்பிடாதி, பட்டுச் சேலைல எரும மாட்டுக் கண்ணு வந்துருக்கு பாரு."

"நல்லாத்தான இருக்கு மதினி."

"நல்லா இல்லங்கல. ஆனா அது என்னையே பாக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாவ? நீ கொஞ்சம் மயில நினைச்சுக்கோயேன்."

"நான் எதையும் நினைக்கல. நினைக்காம இருக்கத்தான் வாரேன்."

"அதான் சொல்லுதேன், சும்மாதான இருக்க. சும்மா இருக்கைல ஒரு மயில நினைச்சா என்ன கொறஞ்சா போயிரும்?"

அதைக் கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களும் வாய் திறந்தார்கள். தாமரை வேண்டும், யானை வேண்டும், பல்லக்கில் பெண்ணும் மாப்பிள்ளையும் வேண்டும், அடிப்பிடித்த பால் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் செயலாளர் ஒலிபெருக்கியிலேயே கேட்டுக்கொண்டார், தியானம் செய்யும்போது அனைவருக்கும் பயன்படும் உருவங்களை மனதில் நிறுத்துமாறு. ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிற அளவுக்கு அமைதி மன்றம் வளர்ந்திருந்தது.

முப்பிடாதி மயிலை நினைத்துப் பார்த்தாள். இதற்காக அவளைக் குறைசொல்லக் கூடாது. ஒரு ஊரே சேர்ந்து கேட்கும்போது யாரும் ஒருமுறை நினைத்துத்தான் பார்ப்பார்கள். மயில் வந்து நின்றது. கழுத்துக்கு நீலம் எது, தோகைக்குப் பச்சை எது, கண்ணுக்கு எந்த மணி என்று கேட்டுக்கொண்டே நின்றது. குழாய் சொட்டுவது கேட்கவில்லை, ஆடு போன இடம் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது யார் துணியிலும் ஒரு புள்ளிகூட இல்லை. "இன்னிக்கு இவ சரியா உக்காரல" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

அது அத்தோடு போயிருந்தால் தாங்கியிருப்பாள். வீட்டுக்கு வந்து மரச்சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தாள், அங்கேயும் மயில் வந்து நின்றது. ஊசி விழும் சத்தம் கடைசிவரை ஊசி விழும் சத்தமாகவே இருந்தது. அடுத்த நாளும் அப்படி, அதற்கடுத்த நாளும் அப்படி. சுடலைமணி சாப்பிடக் கூப்பிட்டபோது உடனே திரும்பிப் பார்த்தாள். அவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"என்னட்டி, முதல் கூப்பாட்டுலயே திரும்பிட்ட? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள் முதல்முறையாக அவன் முன்னால் அழுதாள். ஊரார் சேலை வரும், போகும். அவளுக்கு இருந்த ஒரே இடத்தின் கதவு உள்ளே மயில் நின்றதால் அடைத்துக்கொண்டது. எங்கே உட்கார்ந்தாலும் கை வேறு மனம் வேறாகக் கிடந்தது. அழுது முடித்து, வேலையையாவது பார்ப்போம் என்று நூல் டப்பாவைத் திறந்தவள், உள்ளே வெறும் ரீல்கள் மொட்டையாகக் கிடப்பதைக் கண்டாள்.

"எலியா இருக்கும்" என்றான் சுடலைமணி.

"எலி ரீல வச்சிட்டு நூல மட்டும் அவுத்துத் திங்குமா? அதுவும் நிறம் பாத்து?"

எறும்புக்குப் போன கறுப்பு, சொட்டுக்குப் போன வெள்ளி ஜரிகை, எருமைக் கண்ணுக்குப் போன பால்வெள்ளை. ஊரெல்லாம் அருள் என்று போர்த்திக்கொண்டு திரிந்தது இந்த டப்பாவிலிருந்து போயிருந்தது. இத்தனை பேர் இத்தனை வாரம் அந்தப் பூக்களைத் தடவிப் பார்த்தார்களே, நூல் எங்கிருந்து வருகிறது என்று ஒரே ஒரு வாய் கேட்டதா? நூல் என்பது மழையோடு சேர்ந்து பெய்கிற பொருளா? முப்பிடாதி மொட்டை ரீல்களை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு நிர்வாகக் குழுவின் முன்னால் போய்க் கொட்டினாள். அவை உருண்டு போய் ஒன்று தலைமையாசிரியரின் காலடியில் நின்றது.

"நூலத் திருப்பிக் கேக்க வரல. இது என் கைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என்னை ஊசியோட உக்கார விடுங்க. மயில் கியில்னு கேக்காதீய. எனக்கு மனசு நிக்க மாட்டேங்குது."

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய சட்டைப் பையில் அந்தச் சொட்டு இன்னும் விழாமல் நின்றது. "இது யார் பேர்ல இருக்குங்கிறதுதான் கேள்வி, இல்லையா? சார், நீங்க சொல்லுங்க."

நவநீதகிருஷ்ணன் சார் தொண்டையைச் செருமினார். "தர்க்கப்படி பாப்போம். மன்றத்துக்குள்ள நீ செய்யிறது வேலையா, வேலை இல்லையா? வேலைன்னா விதிப்படி மன்றத்துல அதுக்கு இடம் இல்ல, நீ வெளிய போகணும். வேலை இல்லைன்னா அது உன்னுதுன்னு சொல்ல உனக்கு உரிமை இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா."

தர்க்கத்தைக் கண்டுபிடித்தவர்கள் அது ஒருநாள் இப்படி ஒரு கூடத்தில் இப்படி ஒரு பெண்ணின் கழுத்தில் சுருக்காக விழும் என்று அறிந்திருந்தால் அந்த வேலையை விட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போயிருப்பார்கள்.

"நான் சும்மா இருக்கேன் சார்" என்றாள் முப்பிடாதி. "அது சும்மா வரல."

செயலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "முதல்ல சொன்னாளே, அத மட்டும் எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். நான் சும்மா இருக்கேன் என்று அவளே ஒப்புக்கொண்டாள் என்று.

"இன்னொண்ணு" என்றார் செயலாளர். "வாசல்ல நின்னுக்கிட்டு எல்லார் துணியையும் பொரட்டிப் பொரட்டி என்னமோ செய்யியாமே?"

"முடிச்சுப் போடுதேன் அண்ணாச்சி."

"அது கைவேலையா இல்லையா?"

"கைவேலைதான்."

"அப்ப அதுவும் மன்றத்துல கூடாது. வாசலும் மன்றத்துல சேந்ததுதான். நாளைக்கு அந்த முடிச்ச வச்சே எல்லாம் என்னுதும்ப."

"முடிச்சுப் போடலன்னா அண்ணாச்சி, அந்தத் தையலு..."

"தொழில் நுணுக்கமெல்லாம் இங்க எதுக்கும்மா?" என்றார் தலைமையாசிரியர்.

"சரி" என்றாள் முப்பிடாதி.

அந்தப் பக்கத்துப் பெண்கள் சரி என்று இழுக்காமல், தலையை ஆட்டாமல், ஒரே அடியாகச் சொன்னால், அதைக் கேட்ட ஆண்மக்கள் உடனே எழுந்து காலில் விழுவதே பாதுகாப்பு. நிர்வாகக் குழு டீ சொல்லி அனுப்பியது. மறுநாள் மன்ற வாசலில் ஒரு பலகை ஏறியது: 'இங்கு தோன்றும் சித்திரங்கள் மன்றத்தின் அருள். எவருடைய கைவேளையும் அல்ல. மன்றத்தில் முடிச்சுப் போடக் கூடாது.' வேலைக்கு எந்த லகரம் என்று தெரியாதவர்கள் அது யாருடையது என்று தீர்ப்பு எழுதியிருந்தார்கள், தலைமையாசிரியர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு.

அதன்பின் குருநாதரின் ஆண்டுவிழா வரை முப்பிடாதி மன்றத்துக்குப் போகவில்லை. வீட்டில் சட்டத்தின் முன்னால் வெறுமனே உட்கார்ந்து கோபப்பட்டாள். சமைக்கும்போது கோபப்பட்டாள், தண்ணீர் பிடிக்கும்போது கோபப்பட்டாள், புது நூல் வாங்கி ரீல்களில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் கோபப்பட்டாள். கோபம் தியானத்துக்குப் பகை என்று எல்லா மன்றங்களிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவளைப் பொறுத்தவரை, எப்படியோ எழுந்து வந்து மயிலை விரட்டிவிட்டதும் அதுதான். கடைசித் தோகையும் வெளியேறிய காலையில், குழாய் சொட்டுவது மறுபடி கேட்டது.

விழாவன்று ஊர் முழுக்க மன்றத்தில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள், எல்லோரும் இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்தி, அதில் காலியாக இருந்த இடங்கள் மேலே தெரியும்படி நீவிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முப்பிடாதி உள்ளே வந்ததும் கூட்டம் சந்தோஷமாக வழிவிட்டது. "வந்துட்டாளே, அதான் அவ நல்லவ" என்றாள் காந்திமதி. மெத்தையில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, அவள் கண்ணை மூடினாள். எதையும் நினைக்கவில்லை.

மைக் செட் இறக்கிவிட்டு மாடிப்படியில் ஏறி நின்றிருந்த சுடலைமணி ஒருவன்தான் அதை முழுசாகப் பார்த்தான். அன்று ஆளுக்கு ஒரு உருவம் வரவில்லை. செயலாளரின் இடது தோளில் கிளம்பிய சிவப்பு நூல், அவருடைய சட்டையைக் கடந்து பக்கத்தில் இருந்தவரின் துண்டில் இறங்கி, வேட்டி வேட்டியாக, சேலை சேலையாக, கைக்குழந்தைகளின் சட்டையையும் விடாமல், எங்கும் அறுபடாமல் வரிசை வரிசையாக ஓடியது. மேலேயிருந்து பார்க்க, கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, ரேகைகளும் நகங்களும் ஊசி குத்திய தழும்புகளுமாக, உள்ளங்கை மேலே பார்க்க ஒரு இடது கை விரிந்து கிடந்தது. ஊரே அதன் மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. சுடலைமணிக்கு அந்தக் கை தெரியும். அவனுக்குச் சோறு போடும் கை. படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான், கூப்பிடவில்லை.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள், எழுந்ததும் கை கலைந்து ஆளுக்கொரு கோடு ஆகிவிட்டது. "என்ன இது, வெறும் கோடா?" என்று ஏமாற்றத்தோடு குனிந்து பார்த்துக்கொண்டார்கள். முப்பிடாதி ஊசியைத் தொடாமல் செருப்பை மட்டும் போட்டுக்கொண்டாள். காந்திமதி பின்னாலேயே வந்தாள்.

"ஏட்டி, எங்க வீட்டுக்காரங்க தோள்ல நூலு நீட்டிக்கிட்டு நிக்கு. ஒரு முடிச்சுப் போட்டுட்டுப் போயேன்."

"அது கைவேலை மதினி. இங்கன கூடாது."

"அட, ஒரே ஒரு முடிச்சுதான?"

"வாசலும் மன்றந்தான்னு அண்ணாச்சி சொல்லிட்டாவ."

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். ஆவுடையப்பன் சுத்தம் பார்க்கிறவர். மாப்பிள்ளை வீட்டார் எதிரில் நிற்கும்போது தோளில் நூல் தொங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு விரலால் அதைப் பிடித்து, அறுத்துவிடலாம் என்று இழுத்தார்.

முடிச்சு விழாத சங்கிலித் தையல் எப்படிப் பிரியும் என்று ஆரி வேலைக்காரர்களின் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஒரு வளையம் அடுத்த வளையத்தை விட, அது அதற்கடுத்ததை விட, கண்ணிமைக்கும் நேரத்தில் சட்டை முடிந்து பக்கத்தில் இருந்தவரின் துண்டுக்குப் போய், அங்கிருந்து அடுத்த வரிசைக்குத் திரும்பி, சரசரவென்று தூறலைப் போன்ற சத்தத்தோடு கூடம் முழுக்கப் பிரிந்தது. அவளை முடிச்சுப் போடவிட்ட நாட்களின் பூக்கள் அப்படியே இருந்தன. எறும்புகள் இறக்கையோடு அவற்றின் வழியில் போய்க்கொண்டிருந்தன. ஆனால் அன்றைய நூல் வழியில் கண்ட தையல்களையெல்லாம் தன்னோடு கூட்டிக்கொண்டது. தோள் மூட்டு, கை மூட்டு, பித்தான் காஜா, ஜாக்கெட் கொக்கி, வேட்டியின் ஓரம், பாவாடை நாடா கோத்த மடிப்பு, ஏட்டையாவின் கால்சட்டைப் பின்தையல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டன. மாப்பிள்ளையின் தகப்பனார் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டார், சட்டை போனது. தலைமையாசிரியர் வாசல் பலகையைக் கழற்றி அதன் பின்னால் ஒளிந்தார். அமைதி மன்றத்தில் அவ்வளவு பெரிய கூச்சல் அதற்கு முன் எழுந்ததில்லை.

நூல் வாசலைத் தாண்டி, செருப்புகளைத் தாண்டி, மேலத்தெரு வழியாக முப்பிடாதிக்குப் பின்னால் ஓடி வந்து அவள் காலைத் தொட்டது. அவள் குனிந்து நுனியை எடுத்து, இடது கையின் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்குமாகச் சுற்றிக்கொண்டே, எந்த அவசரமும் இல்லாமல் வீட்டுக்கு நடந்தாள். வீட்டில் இன்னொரு ஊசி இருந்தது. சட்டத்தில் புதுத் துணியை இழுத்துக் கட்டி, அவள் உட்கார்ந்தாள்.

அந்த வாரம் சுண்டங்குறிச்சியில் எந்தக் கடையிலும் ஊக்கு கிடைக்கவில்லை. தென்காசியிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள்.